நெற்றியில் ஒரு வெள்ளைக் கற்றை

உடலில் கறுப்புக் கோடுகள் ஓடும் வரிமீன்களையும், நிறமில்லாமல் வெளுத்துப் பிறக்கும் அதே வகை மீன்களையும் வைத்து நிறத்தை ஆராயும் கூடம் அது. அங்கே ஆய்வு மாணவியான செண்பகவல்லி, பிரசவ விடுப்பில் இருந்தவள், ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். வழிகாட்டி நிலோஃபர் அவளைவிட வயதில் இளையவர்.

குழந்தையின் தலையில் குல்லா. செண்பகவல்லி அதைச் சற்று விலக்கிக் காட்டினாள். கருகருவென்ற முடிக்கு நடுவே, நெற்றிக்கு மேல் ஒரு கற்றை மட்டும் வெள்ளை.

"கர்ப்பமா இருக்கறப்ப அந்த வெளுத்த மீனையே பார்த்துட்டிருந்தியே, அதான்னு அத்தை சொல்றாங்க, மேடம்."

மாமியாருக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் செண்பகவல்லியும் பாதி நம்பியிருந்தாள். பாவம், படித்த படிப்பு அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

"வெளுத்த மீன்கிட்ட கறுப்பை உண்டாக்குற மரபணு இல்லையா?" என்று நிலோஃபர் கேட்டார்.

"எல்லாம் இருக்கு மேடம். அதுங்களை முடுக்கிவிடற புரதம்தான் இல்லை. அது போய் மரபணுவுல ஒட்டினாத்தான் நிறச் செல்லே உருவாகும்."

"பாப்பாவுக்கு?"

"அதே புரதம்தான். பாதி அளவுதான் வேலை செய்யுது. அந்த இடத்துக்கு நிறச் செல் போய்ச் சேரலை."

"பார்த்ததால வந்ததா?"

"இல்லை." அவள் குரல் இறங்கியது. "பிறவியிலேயே."

"காது? இந்தப் புரதம் குறைஞ்சா சிலருக்குக் காதும் கேக்காதே."

"சோதிச்சாச்சு. நல்லா கேக்குது."

"அப்புறம் என்ன?"

"நாளைக்குப் பேர் வைக்கிறோம். குல்லாவைக் கழட்டவே கூடாதுன்னுட்டாங்க அத்தை. அவங்களைச் சொல்லி என்ன, எனக்கே கழட்டக் கை வரலை."

நிலோஃபர் மீன் தொட்டிகள் பக்கம் போனார். ஒரு தொட்டியைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்றாகத் தடுத்தார். ஒரு ஓரத்தில் வரிமீன்கள், மறு ஓரத்தில் நிறமில்லாத மீன்கள். நடுவில் ஒரேயொரு வரிமீனை விட்டார்.

"எந்தப் பக்கம் போகும்?"

"வரிமீன்கிட்டதான். அதோட ஜாடை அதுதானே."

மீன் கொஞ்சம் சுற்றியது. பிறகு நிறமில்லாத மீன்கள் பக்கம் போய்க் கண்ணாடியை ஒட்டி நின்றது. விரட்டிவிட்டாலும் அங்கேயே திரும்பி வந்தது.

"ஏன் மேடம்?"

"குஞ்சுல இருந்து இதுங்களைப் பார்த்துத்தான் வளர்ந்துச்சு."

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. "மீனுக்குச் சரி. நாளைக்கு ஊரே வந்து என் பொண்ணை ஒரு மாதிரி பார்க்கும். அதையெல்லாம் பார்த்துத்தானே இவ வளரணும்?"

நிலோஃபர் குழந்தையைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"இத்தனை மீன் ஓடுது, செண்பகம். பாப்பா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பலை. வந்ததுல இருந்து உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருக்கா."