பத்தரை முதல் பன்னிரண்டு வரை

ஈரோட்டில் ஒரு மாடி அறையில் தியானம் சொல்லித் தந்துகொண்டிருந்தார் அமுதாம்பிகை. வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர்களில் மூத்தவர் தணிகாசலம், அறுபத்தொன்று. முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். குருவை அவர் 'அம்மா' என்பார். குரு அவரை 'ஐயா' என்பார். இருவருக்கும் இதில் கூச்சமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தணிகாசலம் கேட்டார்.

"அம்மா, யாராவது அவசரப்படுத்துனா எனக்கு மூளை நின்னு போகுதுங்க. இதுக்கு என்ன வழி?"

"யார் அவசரப்படுத்துறா?"

அவர் சொன்னார். மனைவி பர்வதத்துக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடித்து வரும்போது தலை சுற்றும். பஸ் படியில் இரண்டு முறை விழுந்துவிட்டாள். அதற்காகப் போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினார். 'இப்பவே எடுத்தா உங்களுக்கு, இல்லேன்னா அடுத்தவருக்கு' என்றான் விற்றவன். எடுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். மிச்சப் பணத்தில் இன்னும் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும்.

"இன்னிக்கு வேற கடையில வரச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்குதுங்கம்மா."

அமுதாம்பிகை செருப்பைத் தேடினார்.

"வாங்க, போகலாம்."

கடை பைபாஸ் ரோட்டில் இருந்தது. விற்பனையாளன் ரூபன் வாசலுக்கே வந்துவிட்டான். மனிதர்களை அளப்பதில் கெட்டிக்காரன். வெள்ளை நிறக் காருக்கு மாலை போட்டிருந்தான். நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம்.

"இன்னும் வாங்கவே இல்லையே தம்பி," என்றார் தணிகாசலம்.

"உங்களுக்குன்னே வந்த வண்டிங்க சார். நாளைக்கு உங்க வீட்டம்மாவ ஆஸ்பத்திரிக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறீங்க."

போனிலேயே எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருந்தார் தணிகாசலம்.

அமுதாம்பிகை பானெட்டில் கை வைத்தார். சுட்டது.

"யாராவது ஓட்டிட்டு வந்தாங்களா?"

"ரெண்டு நாளா நின்ன இடத்துலயே நிக்குதுங்க. வெயில் சூடு."

வண்டி தகரக் கொட்டகைக்குள் நிழலில் நின்றது. குரு கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

ரூபன் கடிகாரத்தைப் பார்த்தான். "சார், மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள அட்வான்ஸ குடுத்துருங்க."

"ஓட்டிப் பாக்கலியே."

"ஓட்டலாம், எங்க போயிறப் போகுது? தாராபுரம் பார்ட்டி ஒண்ணு பதினோரு மணிக்கு வர்றாங்க. அவங்க பாத்தா தூக்கிட்டுப் போயிருவாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதோட, பழம் வச்ச வண்டிய வேண்டாம்னு போகக் கூடாதுங்க. வீட்ல சீக்காளி இருக்கறவங்களுக்கு ஆகாது."

தணிகாசலத்தின் கை தானாகப் பைக்குள் போனது. எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதே எரிச்சல் வருகிறது.

"தம்பி," என்றார் அமுதாம்பிகை. "பதினொண்ணும் ராகு காலந்தானே? அந்தப் பார்ட்டி எப்படி வாங்குவாங்க?"

ரூபன் காரின் மாலையைச் சரிசெய்தான். "அவங்க அதெல்லாம் பாக்காதவங்கம்மா."

"நாங்க பாக்கறவங்க. நீங்க சொன்னதுதான் சரி. நிதானமா பேசி முடிக்கறதுக்குள்ள பத்தரை ஆயிரும். பன்னெண்டு வரைக்கும் ஐயா பணத்தத் தொடக் கூடாது. ரெண்டு நாற்காலி போடுங்க."

அவனே போட்ட கட்டு. எப்படி அவிழ்ப்பான்? நாற்காலி வந்தது.

பதினொன்று ஆனது. ரூபன் போனைக் காதில் வைத்து, "வந்துட்டீங்களா? பக்கத்துலயா?" என்று சத்தமாகப் பேசினான்.

தணிகாசலம் நெளிந்தார். "அம்மா, அவங்க எடுத்துட்டா?"

"எடுக்கட்டும். நாளைக்கு ஆட்டோ ஓடாதா?"

பதினொன்றரைக்கு விலை குறைந்தது. பதினொன்றே முக்காலுக்கு இன்னும் குறைந்தது. தாராபுரத்திலிருந்து ஒரு ஈ கூட வரவில்லை. அமுதாம்பிகை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தணிகாசலமும் மூடிப் பார்த்தார், முடியவில்லை.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கழித்துக் குரு எழுந்தார். பானெட்டைத் தொட்டார். ஆறியிருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ரூபன் சாவியைத் திருகினான். எஞ்சின் முனகியது, பற்றவில்லை. மறுபடி திருகினான். ஐந்தாவது தடவை உடம்பெல்லாம் உதறிக்கொண்டு கிளம்பியது. பின்னால் நீலப் புகை கொட்டகையை நிறைத்தது.

"ரெண்டு நாளா நின்ன வண்டி இல்லீங்களா, அப்படித்தான்..."

"காலையில வெயில்லயே சூடா இருந்துச்சே, நாங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டிச் சூடேத்தி வச்சீங்களா?" என்றார் தணிகாசலம். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அமுதாம்பிகை குனிந்து நாலு பழங்களையும் எடுத்து ரூபன் கையில் வைத்தார்.

"நல்ல பழம் தம்பி. ஜூஸ் போட்டுக் குடிங்க."

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்கள். பாதி வழியில் தணிகாசலம் நின்றார்.

"பழம் வச்ச வண்டிய விட்டுட்டு வந்துட்டோம். பர்வதத்துக்கு ஏதாவது ஆயிருமோன்னு..."

"ஐயா, 'கிளம்பிருச்சு, ஏறு ஏறு'ன்னு நீங்க எப்பக் கத்துவீங்க?"

"பஸ்ஸு காலியா இருக்கறப்பங்க."

"நெறஞ்சுட்டா?"

"நெறஞ்சா எதுக்குங்க கத்தறேன்? விசில் குடுத்துட்டுப் போயிட்டே..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் போனை எடுத்து, பர்வதத்திடம் நாளைக்கு ஆட்டோ வரும் என்றும், கார் கொஞ்ச நாள் கழித்து வரும் என்றும் சொன்னார். "பயப்படாத, பாத்துத்தான் வாங்குவேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது அவர்கள் ஏற வேண்டிய பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"கிளம்பிருச்சு, கிளம்பிருச்சு! ஓடியா, ஓடியா!"

"ஓடலாமா ஐயா?" என்றார் குரு.

தணிகாசலம் ஜன்னல் வழியே காலி சீட்டுகளைப் பார்த்தார். எதிரே இருந்த கடையில் இரண்டு டீ சொன்னார்.