மூன்றாவது சொம்பு

"தண்ணி வெச்சாக் குடிக்க மாட்டேங்கறாங்கம்மா. நான் என்னதான் பண்றது?"

மடத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் நல்லமுத்து கேட்டது இதைத்தான்.

ரசாயனத் தொட்டிகளைக் கழுவும் ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. முந்தின நாள் அவனுடைய ஆள் மாரப்பன், கழுத்து முதல் கால் வரை மூடிய ரப்பர் உடுப்புக்குள்ளேயே வெந்து சுருண்டு விழுந்துவிட்டான். பிழைத்தது தெய்வச் செயல். காலையில்தான் ஆஸ்பத்திரியில் கண் திறந்தான்.

"பானைத் தண்ணி, மோரு, எல்லாம் வெச்சிருக்கறனுங்க. தொண்டை கிழியக் கத்தறேன். செவிடன் காதுல ஊதுன சங்குதான். நாளைக்கு இன்னொருத்தன் விழுந்தாப் பொழைப்பானான்னு பயமா இருக்குதுங்க."

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் பூவாத்தாள் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவனைவிட வயதில் சின்னவள்தான். ஊருக்கே அம்மா என்பதால் அவனுக்கும் அம்மா.

"அந்த உடுப்பு வண்டியில இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"போட்டுக்கிட்டு வாங்க."

அவனுடைய வண்டி டிரைவர் அர்த்தனாரி முதுகுப்பக்க ஜிப்பை இழுத்துவிட்டான். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப்பைச் சுற்றி ஒட்டினான். பிறகு டீ குடிக்கப் போய்விட்டான்.

அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்தான்.

இன்னொரு சொம்பு கொடுத்தாள். அதையும் குடித்தான்.

அதற்கப்புறம் அவள் புளியே கண்ணாக இருந்தாள்.

கொஞ்ச நேரம் போனதும் நல்லமுத்து நெளிந்தான். எழுந்தான். கால் மாற்றிக் கால் நின்றான். முதுகு ஜிப்புக்குக் கையை எட்டிப் பார்த்தான், எட்டவில்லை.

அம்மா மூன்றாவது சொம்பை நீட்டினாள்.

"வேண்டாமுங்க!"

"வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது. ஏன் வேண்டாம்?"

நேற்று மோரை நீட்டியபோது மாரப்பனும் இதே வார்த்தையைத்தான், இதே அவசரத்தோடு சொல்லியிருந்தான்.

"அர்த்தனாரீ!"

மடம் அதிர்ந்தது. அர்த்தனாரி டீ கிளாசோடு வாசலில் வந்து நின்றான்.

"இதை அவுத்து விடுடா!"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால யாரும் அவுக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சட்டம் போட்டீங்க?"

"சட்டத்தைத் தூக்கி உடப்புல போடு! ஜிப்பை இழு!"

வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தபோது நல்லமுத்துவுக்கு அப்பாடா என்றிருந்தது. சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அம்மா மறுபடி புளிக்குத் திரும்பியிருந்தாள். மூன்றாவது சொம்பு அவள் பக்கத்தில் அப்படியே இருந்தது.

யாரும் சொல்லாமலே எடுத்துக் குடித்தான்.