டிரிப் சுவிட்ச் கண்டுபிடித்த கோளாறு

புளியங்கரைப்பட்டிக்குக் கரண்ட் வந்து அறுபது வருஷம் ஆகிறது. தாண்டவராயன் வீட்டுக்கும் அப்போதே வந்துவிட்டது. அறிவு மட்டும் அந்தத் தெருமுனை வரை வந்து, வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாக ஊரில் பேச்சு.

வீட்டில் மூன்று சகோதரர்கள். மூத்தவர் தாண்டவராயன், அடுத்தவர் சோணாசலம், கடைக்குட்டி வேலப்பன். மூத்தவர்கள் இருவருக்கும் பெண் கொடுக்க யாரும் துணியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் வேலப்பனுக்கு மட்டும் கல்யாணம் நடந்தது. அப்படி ஏமாந்து வந்தவள் மரகதவல்லி. சீராக அவளோடு ஒரு கிரைண்டரும் வந்தது.

ஆயுத பூஜையன்று மூவரும் அந்தக் கிரைண்டருக்குப் பதினோரு குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துப் பூச்சூட்டினார்கள். மறுநாளிலிருந்து அதைத் தொட்டால் ஷாக் அடித்தது.

"பெரியத்தான், கிரைண்டர்ல கரண்ட் வருது," என்றாள் மரகதம்.

"கரண்ட்ல ஓடுற சாமான்ல கரண்ட் வராம பாலா வரும்?" என்றார் தாண்டவராயன்.

அடுப்படிச் சாமானை ஆண்கள் தொடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. பூஜையன்று அது சாமி, அதனால் தொட்டார்கள். ஆகவே அடித்த ஷாக் அத்தனையும் மரகதத்துக்கே கிடைத்தது. ஒருநாள் அது அவளைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தது. எழுந்தவள், இந்த வீட்டில் யாரிடமும் கேட்டுப் பயனில்லை, கேட்டுக்கொண்டே இருந்தால் செத்துப்போவோம் என்று தெரிந்துகொண்டு, தானே போய் ஒயர்மேன் ஜெபமணியை அழைத்து வந்தாள்.

ஜெபமணி மரப்பலகை போர்டுகளையும் துணி சுற்றிய ஒயர்களையும் பார்த்தார். பிறகு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"கம்பி இருக்க வேண்டிய இடத்துல ஆணி இருக்கே?"

"கம்பி அடிக்கடி போயிட்டே இருந்துச்சு. ஆணி போட்டு பதினாலு வருஷம் ஆச்சு, ஒருநாள்கூடப் போகல," என்றார் சோணாசலம் பெருமையாக.

ஜெபமணி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அது இன்னும் எரியாமல் இருப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

பத்து நாளில் வீடு முழுக்கப் புது ஒயர் இழுத்தார். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டார். வாசல் நிலைக்கு மேலே டிரிப் சுவிட்ச் ஒன்று மாட்டினார். "எங்க கரண்ட் கசிஞ்சாலும் இது தானா விழுந்து லைனைக் கட் பண்ணிடும். உயிர் போகாது. எர்த் குழிக்கு மட்டும் தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க," என்றார்.

"அப்படியே அந்தக் கிரைண்டரையும் ஒரு பார்வை பாருங்கண்ணே," என்றாள் மரகதம்.

"அதைப் பாக்க வேண்டாம். வீடுதான் பழசு. கிரைண்டர் வந்து எட்டு மாசந்தான் ஆகுது," என்று தாண்டவராயன் தடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பேய் மழை. கொல்லையில் சோணாசலம் எர்த் குழிக்குக் குடை பிடித்து நிற்க, வேலப்பன் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, மழைதான் ஊத்துதே?"

"ஒரு குடம்னு அளவு சொல்லியிருக்காரு மரகதம். மழையை எப்படி அளக்கறது?" என்றார் வேலப்பன். அவர் முகத்தில் இருந்த நிதானத்தைப் பார்த்து அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மரகதம் கிரைண்டரைப் போட்டாள். டக்கென்று சுவிட்ச் விழுந்து வீடே அணைந்தது. தூக்கிவிட்டாள், விழுந்தது. ஷாக் அடிக்கவில்லை. மாவும் அரைபடவில்லை.

தாண்டவராயன் ஜெபமணிக்குப் போன் போட்டார். "ஒவ்வொரு சாமானா வெளிய வச்சிட்டு சுவிட்சைத் தூக்கிப் பாருங்க. எதை வெளிய வச்ச பெறகு விழாம நிக்குதோ, அதுலதான் கோளாறு. ஒரு வருஷம் ஆகலைன்னா வந்த இடத்துக்கே அனுப்பிடுங்க, சும்மாவே சரி பண்ணித் தருவாங்க," என்றார் அவர்.

அந்த வீட்டில் சாப்பாட்டிலிருந்து குளியல் வரை எல்லாம் வயசு வரிசைப்படிதான். இதுவும் அப்படியே நடந்தது. முதலில் தாத்தா காலத்து ரேடியோ வெளியே போனது. மரகதம் கிரைண்டரைப் போட்டாள், சுவிட்ச் விழுந்தது. பிறகு மேஜை ஃபேன், இஸ்திரிப் பெட்டி, டிவி. ஒவ்வொரு தடவையும் விழுந்தது. கடைசியில் உள்ளே மிஞ்சியது கிரைண்டரும் மரகதமும்தான்.

"இப்பவாவது கிரைண்டரைத் தூக்குங்க," என்றாள்.

"உனக்கு என்ன வயசு?" என்றார் தாண்டவராயன்.

"இருபத்திநாலு."

"கிரைண்டருக்கு எட்டு மாசம். வரிசைப்படி நீதான் முன்னாடி."

மரகதம் வெளியே போய் நின்றாள். வேலப்பன் சுவிட்சைத் தூக்கினார். கிரைண்டரைப் போட இனி அடுப்படியில் ஆளில்லை. சுவிட்ச் விழவில்லை. கால் மணி நேரம் பார்த்தார்கள். அது அசையவே இல்லை.

"நல்ல குடும்பம்னு நம்பித்தானே எடுத்தோம்," என்றார் சோணாசலம் வருத்தத்தோடு.

"பரவால்ல, ஒரு வருஷம் ஆகல," என்று தேற்றினார் தாண்டவராயன்.

மத்தியானப் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டார்கள். கையில் அவள் அப்பாவுக்கு ஒரு கடிதம்: 'தங்களிடமிருந்து வந்த மரகதவல்லியில் கரண்ட் கசிகிறது. சரி செய்து அனுப்பவும். கிரைண்டர் நன்றாக இருப்பதால் வைத்துக்கொள்கிறோம்.' புருஷன் ஒரு வார்த்தை பேசுவார் என்று ஜன்னலோரம் காத்திருந்தாள். "பஸ்ல கம்பியைத் தொடாதே, மத்தவங்களுக்கு அடிக்கும்," என்றார் வேலப்பன்.

நாலு நாள் ஹோட்டல் சாப்பாட்டில் மூவருக்கும் நாக்கு செத்தது. பெண் இல்லாத வீட்டில் அடுப்படி ஆண்களுக்குச் சேரும் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மூத்தவர் என்பதால் தாண்டவராயன் முதலில் கிரைண்டரைப் போட்டார். சுவிட்ச் விழுந்தது. தம்பிகள் தலைகுனிந்து நின்றார்கள்.

"அண்ணனை எங்கேயிருந்து வாங்கினோம்?" என்று கேட்டார் வேலப்பன்.

"தலைப்பிரசவத்துக்கு அம்மா மாமா வீட்டுக்குத்தான் போனா. அங்கதான்."

"ஒரு வருஷம் தாண்டிடுச்சே."

"மாமா தங்கமானவரு. கேக்க மாட்டாரு."

அன்றே அண்ணனைக் கடிதத்தோடு மாமா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் சோணாசலம் போட்டபோதும் விழுந்தது. அவர் பிறந்தது தாலுகா ஆஸ்பத்திரியில். கடிதமும் கையுமாக அவர் பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது.

தாண்டவராயன் போய் இறங்கிய மாமா வீட்டிலிருந்து சொல்லியனுப்பி விஷயம் தெரிந்ததும், மரகதம் அப்பா வீட்டிலிருந்து புறப்பட்டாள். வழியில் ஜெபமணியையும் கூட்டிக்கொண்டாள். வீட்டு வாசற்படிக்கு வெளியே வேலப்பன் ஒரு கடிதத்தோடு நின்றிருந்தார். அவர் இதே வீட்டில் பிறந்தவர்.

"உங்களுக்கும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. இங்கதான் திருப்பிக் குடுக்கணும். வாங்கிக்க ஆள் வரட்டும்னு நிக்கிறேன். ரெண்டு நாளாச்சு."

மரகதம் ஜெபமணியோடு உள்ளே போனாள். ஜெபமணி கிரைண்டரைக் கவிழ்த்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்துப் போன மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினார். மரகதம் போட்டாள். சுவிட்ச் விழவில்லை. கையால் அதன் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள், சுரீரென்றுகூட இல்லை. கல் கடகடவென்று சுற்றியது.

"பாத்தியா," வெளியிலிருந்து வேலப்பன் சொன்னார், "நான் வெளிய நின்னதும் ஓடுது."

மறுநாள் அவளே இரக்கப்பட்டு வாசலுக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாலு தோசையை நின்றபடியே சாப்பிட்டார். ஐந்தாவது கேட்க ஒரு காலை உள்ளே வைத்தவர், மேலே சுவிட்சைப் பார்த்ததும், நிதானமாக அந்தக் காலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டார்.