திமிங்கிலம் கேட்ட தலைவர்

குளிர்க்கடல் ஓரத்து ஊர் ஒன்றில், மரவீட்டைத் தாங்கும் தூணில் அவரவர் குலத்து விலங்கைச் செதுக்குவது வழக்கம். புதுவீடு கட்டிய ஊர்த்தலைவர் கோஷாக், செதுக்குகிற தாகுனைக் கூப்பிட்டார்.

"சில்லறைப் பிராணியெல்லாம் எனக்கு வேண்டாம். திமிங்கிலம் செதுக்கு. இல்லேன்னா ஊரைவிட்டுக் கிளம்பு!"

திமிங்கிலம் பக்கத்து ஊர்க் குலத்துக்குச் சொந்தம். அதைத் தொட்டால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

தூண் செதுக்கும் நாளில் வைத்த விருந்துக்குப் பக்கத்து ஊரும் வந்திருந்தது. தாகுன் மரம் செதுக்கும் வாச்சியை ஓங்கியபடி நின்றான்.

"ஏன் நிக்கிற? வெட்டு!"

"வெட்டுறேங்க. அந்த விலங்கு உங்க முன்னோருக்கு எப்படிக் கிடைச்சதுன்னு வழக்கப்படி சபையில சொல்லுங்க. சொல்லச் சொல்லச் செதுக்குறேன்."

தலைவர் சபையைப் பார்த்துத் தொடங்கினார். "எங்க தாத்தா ஒருநாள் நடுக்கடல்ல..."

"யாரு, உங்க தாத்தாவா?" என்று எழுந்தாள் பக்கத்து ஊர்த் தலைவி. "படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பாரே! சிப்பி பொறுக்கப் போய், நண்டு கால்ல கவ்வி, அவர் அலறினது எங்க ஊர் வரைக்கும் கேட்டுச்சே!"

சபை குலுங்கிச் சிரித்தது. தாகுனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சபையில் சொன்ன கதை தூணில் ஏறியே தீரவேண்டும்; அதுவும் வழக்கம்தான்.

இன்றைக்கும் அந்த வீட்டைத் தாங்குவது ஒரு நண்டு. அதன் கொடுக்கில் தலைவரின் தாத்தாவுடைய கால் பெருவிரல்.