சூப்பருக்கு அர்த்தம்

ஆண்டுவிழாவில் கல்லூரித் தாளாளர் வைரவநாதன் அரைமணி நேரம் பேசி முடித்தார். "சூப்பர் சார், சூப்பர்" என்று பேராசிரியர்கள் வரிசைகட்டி மேடையேறினார்கள். மைக்செட்காரன் மரியசூசை மட்டும் சும்மா நின்றான்.

தாளாளருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, சூப்பர்னா உனக்கு அர்த்தம் தெரியுமா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. சொல்லலைன்னா இனி உன் செட்டு இங்க வராது."

மரியசூசை மேடையேறி, அவர் காலடியில் கிடந்த ஒயரை எடுத்துச் சொருகினான். அப்போதுதான் மைக் கொரகொரவென்றது.

"காதுல விழாத பேச்சைப் பாராட்டுற வார்த்தைங்கய்யா அது. நீங்க வணக்கம் சொன்னதுமே ஒயரை மிதிச்சுக் கழட்டிட்டீங்க. ஃபேன் சத்தத்துல முன்வரிசைக்கே ஒண்ணும் கேக்கல. நானும் கையைக் காட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க திரும்பக் கும்பிட்டீங்க."

கடைசி வரிசையில் யாரோ மனசாரச் சொன்னார்கள்: "சூப்பர்."