வெங்காயம் இல்லாத படம்

நல்லுச்சாமி மாடிப்படி ஏறி வந்தபோது ரெஜினா டீச்சர் கணினித் திரையில் ஒரு தக்காளியின் நிழலை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"செருப்பை வெளியே விடுங்க, சார். அப்புறம் பேசுங்க."

விட்டுவிட்டு வந்தார். உட்காரவில்லை.

"ஒரு படத்தை எடுத்துடணும், டீச்சர்."

"எந்தப் படத்தை?"

"ஜன்னல் படம்."

டீச்சரின் கை நின்றது. "உங்களுக்கு ஓடுறதே அது ஒண்ணுதானே?"

"படம் ஓடுது. பாக்கியம் போயிட்டா."

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ரெஜினாவுக்கு வயது நாற்பத்தொன்று. திண்டுக்கல்லில் கைபேசிக் கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறை. இணையத்தில் படம் விற்கும் ஏஜென்சிகளுக்குப் படம் அனுப்புவது தொழில். ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும். வேண்டியவன் வேண்டிய சொல்லைப் போட்டுத் தேடுவான், கிடைத்ததை வாங்கிக்கொள்வான். பற்பசைக்காரன் வாங்குவான், பத்திரிகைக்காரன் வாங்குவான். எவன் வாங்கினான், எதற்கு வாங்கினான் என்று எடுத்தவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வித்தையைச் சொல்லியும் கொடுப்பார்.

சீடர் நல்லுச்சாமிக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் முப்பத்தாறு வருஷம். மனுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பியே பழகியவர். ஓய்வு பெற்ற மறுமாதம் கேமரா வாங்கினார். மலைக்கோட்டையை எடுத்து அனுப்பினார். இதுபோல் ஏராளம் இருக்கிறது என்று திரும்பி வந்தது. பூட்டை எடுத்தார். அதுவும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி தனபாக்கியத்தை எடுத்தார். அது மட்டும் திரும்பி வரவில்லை.

"போயிட்டாங்கன்னா?"

"அண்ணன் வீட்டுக்கு. ஒட்டன்சத்திரம்."

"உக்காருங்க. முழுசாச் சொல்லுங்க. இழுக்காம."

உட்கார்ந்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு முதியோர் இல்லத்துக்காரன் பெரிய பலகை வெச்சிருக்கான். அதுல இவ."

டீச்சர் நாற்காலியைத் திருப்பினார்.

"ஜன்னலுக்கு வெளியே பாத்து அழுகுறா. இந்தப் பக்கம் சுவர் சும்மா கெடந்துச்சுல்ல, அதுல எழுதியிருக்கான்."

"என்னன்னு?"

"'உங்களைக் கேட்க ஆளில்லையா?'"

அந்தச் சுவரைச் சும்மா போட்டு வைக்கச் சொன்னதே டீச்சர்தான். எழுத்துக்கு இடம் விடுங்க சார், அதுக்குத்தான் வாங்குறான் என்பார். விட்டார். வாங்கினான்.

"பாக்கியத்தோட தங்கச்சி பஸ்ல போறப்ப பாத்துட்டா. எனக்குப் போன் போட்டு, 'எங்கக்காவை எந்த இல்லத்துல சேத்தீங்க மாமா'ன்னு ஒப்பாரி. இவ பக்கத்துல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருக்கா."

"அப்புறம்?"

"போய்ப் பாத்துட்டு வந்தா. தனியாத்தான் போனா. வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'இது எப்ப எடுத்ததுன்னு தெரியுமா'ன்னா."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். 'நீ வெங்காயம் உரிச்சப்ப எடுத்தது. படத்துல வெங்காயத்தை வெட்டிட்டேன், அழுகுற மாதிரி ஆயிடுச்சு. நீ என்ன நெசமாவா அழுத'ன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சா. துணியை எடுத்து வெச்சா. போயிட்டா. பத்து நாளாச்சு. போனை எடுக்க மாட்டேங்கறா. மச்சினன் எடுத்து, 'அவளா வந்தா வருவா, இல்லேன்னா இங்கயே இருக்கட்டும்'னு வெச்சுட்டான்." நல்லுச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பொய் சொல்லல, டீச்சர். உண்மையைச் சொன்னதுக்கா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா?"

கேள்வி இதுதான். இதற்குத்தான் படியேறி வந்திருக்கிறார்.

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"சம்மதப் பாரத்துல அவங்கதானே கையெழுத்துப் போட்டாங்க?"

"அவதான் போட்டா. மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. கையைத் துடைச்சுட்டுப் போட்டா."

"வாசிச்சாங்களா?"

"எதுக்கு? நான் காட்டுற இடத்துல அவ முப்பத்திமூணு வருஷமாப் போடுறா."

"சாட்சி?"

நல்லுச்சாமி சுவரைப் பார்த்தார். சாட்சி டீச்சர்தான். முகம் தெரிகிற படத்துக்குச் சம்மதப் பாரம் வேண்டும். பாரத்தில் சாட்சிக்கு ஒரு கட்டம் உண்டு. தனபாக்கியத்தை ரெஜினா அதுவரை நேரில் பார்த்ததில்லை. இந்த நிமிஷம் வரைக்கும் பார்த்ததில்லை. கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று சீடர் நீட்டினார். குரு போட்டார்.

"நானும் வாசிக்கலதான்" என்றார் டீச்சர்.



"அதை விடுங்க, டீச்சர். இப்ப படத்தை எடுத்துடலாம்ல? எடுத்துட்டேன்னு சொன்னா வந்துருவா."

"எடுக்கலாம். ஒரு அமுக்கு. இனிமே வாங்கப் போறவனுக்குக் கிடைக்காது. வாங்கினவன் வாங்கினதுதான்."

"பலகை?"

"பலகைக்காரன் காசு குடுத்திருக்கான். நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க. கெஞ்சிப் பாருங்க."

"அப்ப எடுத்து என்ன பிரயோசனம்?"

"அதைத்தான் நானும் ஒரு காலத்துல கேட்டேன்." டீச்சர் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார். "என் படத்துலயே ரொம்ப ஓடினது எதுன்னு தெரியுமா, சார்?"

"கை. வகுப்புல காட்டுவீங்களே. கட்டில்ல ஒரு வயசான கை, ட்ரிப்ஸ் ஏறுற ஊசியோட."

"யார் கைன்னு நீங்க யாரும் கேட்டதில்ல."

நல்லுச்சாமி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்கப்பா கை. இன்சூரன்ஸ்காரன் வாங்கினான். ஆஸ்பத்திரிக்காரன் வாங்கினான். பெத்தவங்களை அனாதையா விட்டுட்டுப் போறவங்களைப் பத்தி எவனோ எழுதினான், அவனும் வாங்கினான். அந்தப் பேப்பரை அப்பாவே படிச்சார். பொழச்சு எழுந்து வீட்டுக்கு வந்தப்புறம். இது என் மோதிர விரல் மாதிரி இருக்கேன்னார். நான்தாம்ப்பா எடுத்தேன்னேன். பெருமையா."

"ஏதும் சொன்னாரா?"

"இல்ல. அன்னையிலேருந்து நான் அவர் ரூமுக்குள்ள போனா கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்குவார். காபியை மேஜையில வெச்சுட்டு வெளிய வந்துரணும். அப்புறம்தான் எடுப்பார். நான் படத்தை அழிச்சேன், சார். நாலு வருஷமாச்சு."

"இப்ப?"

"இன்னும் இழுத்துக்குறார்."

நல்லுச்சாமிக்கு எரிச்சல் வந்தது. தன் வீடு எரிகிறது என்று வந்தால் இந்தம்மா தன் வீட்டுச் சாம்பலைக் காட்டுகிறாள். அவர் கேட்டது கதையல்ல.

"உங்கப்பா நெசமாவே படுத்திருந்தார், டீச்சர். அது வேற. என் படம் அப்படி இல்ல. அது வெங்காயம்."

டீச்சர் அவரை ஒரு முறை பார்த்தார். கணினிப் பக்கம் திரும்பினார். நல்லுச்சாமியின் கணக்கைத் திறந்து அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். பக்கத்தில் சொற்கள். இங்கிலீஷ் சொற்கள், வரிசையாக.

"அழிக்கிறதுக்கு முன்னாடி நீங்க போட்ட சொல்லை எல்லாம் ஒரு தடவை வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க."

"எதுக்கு?"

"வாசிங்க, சார்."

படத்தோடு ஐம்பது சொல் வரைக்கும் போடலாம். ஐம்பதும் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இவர் ஐம்பதும் போட்டிருந்தார். முதல் பன்னிரண்டில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மீதி முப்பத்தெட்டுக் கட்டத்தையும் காலியாக விட மனசு வராமல் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்.

"பெண். இந்தியா. சேலை. ஜன்னல். வெளிச்சம். சுவர்." குரல் தாலுகா ஆபீஸ் குரல். "நடுத்தர வயது. முகம். கண். கண்ணீர்..."

"மேல."

"துக்கம். தனிமை. மௌனம். ஏமாற்றம். காத்திருப்பு." குரல் கொஞ்சம் இறங்கியது. "புறக்கணிப்பு. கவனிக்கப்படாதவள். கைவிடப்பட்டவள். யாருமில்லாதவள்..."

நின்றார்.

"ஏன், அடுத்தது என்ன?"

"விதவை."

"இதை எழுதினப்ப நீங்க உசிரோடதானே இருந்தீங்க?"

"டீச்சர்!" நல்லுச்சாமி எழுந்தே விட்டார். "இதெல்லாம் விக்கறதுக்குப் போட்டது. நீங்கதானே சொன்னீங்க, சோகம்னு தேடுறவன்தான் ஜாஸ்தின்னு? எல்லாம் சும்மா. ஒண்ணுகூட நெசமில்ல."

"ஒண்ணுகூட?"

"அது வெங்காயம், டீச்சர். எத்தனை தடவை சொல்றது?"

"சரி. வெங்காயத்தைப் பாத்துருவோம்."

சீடர்கள் எடுக்கிற படத்தின் வெட்டாத மூலம் ஒரு பிரதி டீச்சரிடம் இருக்கும். அது வகுப்புச் சட்டம். தேடி எடுத்துத் திறந்தார்.

திரையில் தனபாக்கியம் முழுசாக உட்கார்ந்திருந்தாள். மடிக்கு முன்னால் முறம். முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

"பாருங்க!" என்றார் நல்லுச்சாமி. அவர் முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது. "இதை அப்படியே போன்ல அனுப்புங்க. பாக்கியத்துக்கு அனுப்புறேன். அவ அண்ணனுக்கும் அனுப்புறேன். இப்ப என்ன சொல்றான்னு பாப்போம்."

டீச்சர் எழுந்து நாற்காலியை அவரிடம் தள்ளினார்.

"அனுப்பலாம். உரிச்சது எத்தனைன்னு எண்ணிட்டு அனுப்புங்க."

நல்லுச்சாமி உட்கார்ந்தார். படத்தைப் பெரிதாக்கினார். முறத்தின் இந்த ஓரத்திலிருந்து தொடங்கினார். செந்தோல், செந்தோல், செந்தோல். நகர்த்தினார். அந்த ஓரம். நடு. தரையைப் பார்த்தார். ஒரு சருகு இல்லை. கத்தி முறத்தின் விளிம்பில் கிடந்தது. அதில் ஈரம் இல்லை.

"அப்பதான் உரிக்க உக்காந்திருப்பா" என்றார்.

"கண்ணீர் தாடை வரைக்கும் வந்திருக்கு, சார்."

நல்லுச்சாமி படத்தை முகத்துப் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டுல என்ன உடுத்துவாங்க?"

"நைட்டிதான்." சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. திரையில் இருந்தது சின்னாளபட்டிச் சேலை. கல்யாணம், காரியத்துக்கு மட்டும் எடுக்கிற சேலை. வலது மூலையில் அவளுடைய கைப்பை கிடந்தது, ஜிப் திறந்தபடி. இடைஞ்சல் என்று அவர் முதலில் வெட்டியது அதைத்தான்.

"எங்கேயோ போயிட்டு வந்திருக்காங்க. இல்ல, கிளம்பிப் போகாம உக்காந்திருக்காங்க. எங்க?"

"தெரியல."

படத்தோடு பதிந்திருந்த விவரத்தை டீச்சர் வாசித்தார். "மார்ச் பதினொண்ணு. மத்தியானம் மூணு நாப்பது. அன்னைக்கு என்ன?"

நல்லுச்சாமி யோசித்தார். நன்றாக யோசித்தார். மேற்கு ஜன்னல் வெளிச்சம் ஞாபகம் வந்தது. எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ். முதல் கிளிக்கே சரியாக விழுந்தது.

"அன்னைக்கு ஒண்ணுமில்ல, டீச்சர். சாதாரண நாளுதான்."

"அவங்ககிட்ட ஏதாவது பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன?"



"'அசையாத, அப்படியே இரு'ன்னேன்."

"அவங்க?"

"அசையல."

டீச்சர் தலையை ஆட்டினார். பாட்டிலைத் திறந்து இந்தத் தடவை தண்ணீர் குடித்தார். கீழே கைபேசிக் கடையில் யாரோ ஒவ்வொரு மணியோசையாக ஒலிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லுச்சாமி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முறத்தின் இந்த ஓரத்திலிருந்து மறுபடி ஒரு முறை எண்ணினார். பிறகு திரும்பினார். 

"அப்ப அவ எதுக்கு அழுதா, டீச்சர்?"

"அதையும் என்கிட்டயே வந்து கேக்குறீங்களே, சார்."