போலாம் ரைட்

"ஒரு ஈ காக்கா கூட வரல கோச்."

கோமதிநாயகம் பந்தைப் புல்லில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

கோச் ஜெபராணி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சே அண்ணாச்சி. ஒரு ஆடு."

"அது மேய வந்துச்சு."

"கடைசி வரைக்கும் இருந்துச்சே."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? ஆவாரம்பேட்டை ரக்பி அணிக்கு அவர்தான் கேப்டன். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிற மனுசன், கோச்சைவிடப் பத்து வயசு மூத்தவர். அந்த வருசம் ஆடின ஆட்டமெல்லாம் தோல்வி. சரி, தோற்றதைப் பார்த்து உச்சுக்கொட்டவாவது ஆள் வேண்டாமா? அதற்கும் நாதியில்லை.

நகராட்சித் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறைமுக அணி ஆட வருகிறது. அன்றைக்கும் கூட்டம் சேரவில்லை என்றால் மைதானம் ஆட்டுச்சந்தைக்கு. சந்தை வியாபாரி வந்து, முளைக்குச்சி எங்கே அடிக்கலாம் என்று நடந்து பார்த்துவிட்டே போய்விட்டார்.

"மைதானம் போச்சுன்னா டீமும் போச்சு கோச். நோட்டீஸ் ஒட்டியாச்சு. ஆட்டோல மைக் கட்டிக் கத்தியாச்சு. இன்னும் என்னதான் செய்யச் சொல்றீங்க?"

கோச் கையிலிருந்த கடலைத் தோலை ஊதினார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. ஸ்க்ரம் ஆளுங்க எட்டுப் பேரும் வரணும்."

"எதுக்கு?"

கோச் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்க்ரம் என்றால் வேறொன்றுமில்லை. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். தோளைக் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கிடா மாதிரி முட்டித் தள்ள வேண்டும். தள்ளுகிறவர்களுக்கே பந்து. ஆவாரம்பேட்டை எட்டுப் பேரைத் தள்ளுவது, கோமதிநாயகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கதவில்லாத வீட்டுக்குள் போவது மாதிரி.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பஸ் நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சாவியைத் திருகினார். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது.

"செல்ஃப் எடுக்கல. இறங்கித் தள்ளுங்கம்மா!" என்றார் கண்டக்டர் அய்யாத்துரை.

ஒருத்தியும் அசையவில்லை.

"இறங்குனா சீட்டு போயிரும்," என்றாள் ஜன்னலோரத்துப் பேச்சியம்மாள். "எவன் வந்து சொன்னாலும் நான் இறங்க மாட்டேன்."

கோச், கேப்டனைப் பார்த்தார். பிறகு பஸ்ஸின் முதுகைப் பார்த்தார்.

எட்டுப் பேரும் போய்த் தோளைக் கொடுத்தார்கள். ஒருத்தன் தள்ளும்போது இன்னொருத்தன் மூச்சு வாங்கினான். அவன் தள்ள வரும்போது இவனுக்குக் கால் வழுக்கியது. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

பேச்சியம்மாள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏய்யா, தள்ளுறீகளா, தடவிக் குடுக்கீகளா?"

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. கடைசியில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து கைகொடுத்துத்தான் வண்டி கிளம்பியது.

"மானம் போச்சு கோச். நாங்க ரக்பி ஆட வந்தோமா, பஸ் தள்ள வந்தோமா?"

"ரெண்டையுமே இன்னும் ஆரம்பிக்கலயே அண்ணாச்சி."

அடுத்த நாளும் போனார்கள். கோமதிநாயகம் கடுப்போடுதான் போனார். துருப்பிடித்த தகரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் மற்றவர்கள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அய்யாத்துரை பஸ்ஸைத் தட்டினார். "போலாம் ரைட்!"

"இருங்க அண்ணே!" என்று கத்தினார் கோமதிநாயகம். "அதையே நிறுத்திச் சொல்லுங்க. தம்பிகளா, அவர் போலாம்னு சொன்னா மூச்சை இழு. ரைட்னு சொன்னா தள்ளு. அதுக்கு முன்னாடி ஒரு பய தள்ளக் கூடாது."

"போலாம்..."

எட்டு மூச்சும் ஒன்றாக உள்ளே போயின.

"ரைட்!"

பஸ் ஒரு குதி குதித்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் முகத்திலும் கரும்புகை அப்பியது. உள்ளேயிருந்து பெண்கள் குலவை போட்டார்கள்.

கோமதிநாயகம் பூரித்துப்போய்த் திரும்பினார். கோச் ஒரு சொத்தைக் கடலையைத் துப்பிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து தினமும் காலையில் அதுதான் வேலை. அய்யாத்துரை "போலாம்" என்பார், மொத்த பஸ்ஸும் "ரைட்!" என்று அலறும். ஜன்னல் வழியாக முறுக்கு வரும், சில நாள் கேலி வரும். முறுக்கு வராத நாள் உண்டு, கேலி வராத நாள் கிடையாது.

"யாருய்யா நீங்கள்லாம்?" என்று ஒருநாள் கேட்டாள் பேச்சியம்மாள்.

"ரக்பி ஆடுறவங்க அக்கா," என்றான் எட்டுப் பேரில் ஒருத்தன்.

"அப்படின்னா?"

"இதேதான். பஸ்ஸுக்குப் பதிலா எதிர்ல எட்டுத் தடியனுங்க இருப்பாங்க."

"அவனுக திருப்பித் தள்ளுவானுகளா?"

"தள்ளாம?"

"அட அநியாயமே! எங்க நடக்கு இந்த அக்கிரமம்?"

"நம்ம மைதானத்துலதான். ஞாயித்துக்கிழமை."

சனிக்கிழமை காலை டிரைவர் சாவியைத் திருகினார். வண்டி கம்பீரமாக உறுமிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. எட்டுப் பேரும் வெறுங்கையோடு நின்றார்கள்.

"புது பேட்டரி போட்டுட்டாங்க கோச்," என்றார் கோமதிநாயகம். "இனிமே நம்மளை யாரு தேடப்போறா?"

கோச் அவர் கையில் ஒரு கடலையை வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியபோது பார்க்க வந்தவர்கள்: நகராட்சித் தலைவர், கையில் அளவு டேப்போடு. வியாபாரி, கக்கத்தில் முளைக்குச்சிக் கட்டோடு. அப்புறம் அந்த ஆடு.

துறைமுக அணிக்காரர்கள் ஒவ்வொருத்தனும் பீரோ மாதிரி இருந்தார்கள். ஆனாலும் முன்னைப்போல அவர்களால் ஆவாரம்பேட்டைக்காரர்களைப் பொசுக்கென்று தள்ளிவிட முடியவில்லை. இடைவேளையில் வித்தியாசம் அஞ்சே புள்ளி. எப்போதும் அம்பது இருக்கும்.

யார் பார்த்தார்கள் அதை? கோமதிநாயகம் தண்ணீர் குடிக்கக்கூடப் பிடிக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது ஹாரன் கேட்டது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கேட்டுக்குள் நுழைந்தது. படியில் ஆள், கூரையில் ஆள். பின்னாலேயே ஒரு வேனும் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க," என்று குதித்தார் அய்யாத்துரை. "தெருவுக்குத் தெரு நிறுத்தி ஏத்திக்கிட்டு வாறோம், அதான் லேட்டு."

வந்தவர்களுக்கு ஆட்டத்தின் சட்டம் ஒன்றும் தெரியாது. சட்டப்படி பந்தைப் பின்னால் எறிந்தால் "ஏ முன்னால போடுலே!" என்றார்கள். எதிரணிக்காரன் விழுந்தாலும் கைதட்டினார்கள், நம்மாள் விழுந்தால் ஐயோ என்று எழுந்தார்கள். பேச்சியம்மாளை உட்காரவைக்க முடியவில்லை.

இன்னும் அஞ்சு புள்ளி பின்னால். ஆட்டம் முடிகிற நேரம். துறைமுகத்தாரின் கோட்டுக்கு முன்னால் நடுவர் ஸ்க்ரம் கொடுத்தார்.

எட்டுப் பேர் தோளைக் கோத்தார்கள். தலையைக் குனிந்தார்கள்.

மைதானம் சட்டென்று அமைதியானது. அந்தக் குனிந்த முதுகுகளை அவர்களுக்குத் தெரியும். சட்டம் தெரியாவிட்டால் என்ன, இது தெரியும்.

அய்யாத்துரை கையைத் தூக்கினார்.

"போலாம்..."

"ரைட்!" என்றது ஊர்.

பீரோக்கள் நகர்ந்தன.

"போலாம்..."

"ரைட்!"

"இந்தச் சந்தையை எந்த இடத்துல வைக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

"எங்கயாச்சும் வைங்கய்யா, மொதல்ல மறைக்காம நில்லுங்க!" என்றார் வியாபாரி. முளைக்குச்சிக் கட்டு எங்கேயோ விழுந்து கிடந்தது.

இன்னொரு "ரைட்!" கோமதிநாயகம் கோட்டுக்கு அந்தப்பக்கம் பந்தைத் தரையில் வைத்து அமுக்கிப் படுத்துக்கொண்டார். அதற்கு அஞ்சு புள்ளி.

கூடுதல் புள்ளிக்காக அடுத்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. புள்ளி சமம் என்று நடுவர் விசில் ஊதினார்.

"சமம்னா என்ன? நாம தோக்கலதானே?" என்றாள் பேச்சியம்மாள்.

"இல்லக்கா."

"அப்பச் சரி. போடுங்கடி குலவையை!"

குலவை ஓய வெகுநேரம் ஆனது. கோமதிநாயகம் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

கூட்டம் பஸ்ஸில் ஏறியது. பழக்கதோசம், எட்டுப் பேரும் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றார்கள். டிரைவர் சாவியைத் தொட்டதுமே வண்டி உறுமியது.

"அமத்துய்யா அதை!"

பேச்சியம்மாள்தான். வண்டி அடங்கியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் மொத்த பஸ்ஸும் இறங்கியது.

"அக்கா, சீட்டு போயிருமே?"

"கெடக்குது போ," என்று அவள் தகரத்தில் கை வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் வியாபாரி. அந்தப் பக்கம் தலைவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

கோமதிநாயகம் கோச்சிடம் ஓடினார்.

"கோச், வண்டிதான் தானா ஓடுதே. எதுக்கு இத்தனை பேரு தள்ளுறாங்க?"

கோச் மிச்சக் கடலையைப் பைக்குள் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் போனார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார். "எனக்குக் கை வைக்க இடமில்ல."